வீட்டின் வெளிச்சுவருக்கு நிறம் தேர்ந்தெடுப்பது எப்படி? கலர் அட்டையிலிருந்து கடைசி கோட் வரை

எட்டு வருஷத்துக்கு முன்னால் புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு வெளிச்சுவருக்கு 'லைட் பீச்' என்று ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன். கடை டியூப்லைட் வெளிச்சத்தில், தீப்பெட்டி அளவுக் கட்டத்தில், சந்தனத்தில் துளி ஆரஞ்சு கலந்த மாதிரி அடக்கமாகத் தெரிந்தது. இரண்டாவது கோட் காய்ந்த மறுநாள் காலை எதிர்ச்சாரியில் நின்று பார்த்த அம்மா, "ஏண்டா, வீட்டு மேல ரோஸ்மில்க்கக் கொட்டி வச்சிருக்கே?" என்றார். பெயின்டர் அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அட்டையைக் கொண்டுவந்து சுவரில் அழுத்திப் பிடித்துக் காட்டினார். இம்மி பிசகாமல் அதே நிறம். கம்பெனியும் ஏமாற்றவில்லை, கடைக்காரரும் தப்பாகக் கலக்கவில்லை. நான் பார்த்த விதம்தான் தப்பு.

அந்த ரோஸ்மில்க்குக்குள் ஐந்து வருஷம் குடியிருந்தோம். அடுத்த முறை அடித்தபோது நிறம் முடிவு செய்ய மட்டும் ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். அப்போது செய்ததை, செய்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டு வெயில், மழை, தனி வீடு, இந்த மூன்றையும் மனதில் வைத்து எழுதியது. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வெளி நிறத்தை அசோசியேஷன்தான் முடிவு செய்யும். அவர்கள் கூட்டத்தில் பேச இதிலிருந்து ஏதாவது கிடைக்கலாம்.

1. வீட்டில் மாறாதவற்றை முதலில் எழுதுங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுத்து, இந்த முறை மாற்றப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தவற்றைக் குறியுங்கள். போர்டிகோ தரை டைல்ஸ், வாசற்படி கிரானைட், எலிவேஷனில் ஒட்டிய கல், மங்களூர் ஓடு, தலைவாசல் கதவின் பாலிஷ், யுபிவிசி ஜன்னல் என்றால் அதன் பளீர் வெள்ளை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. எங்கள் பட்டியலில் இருந்தவை: செங்கல் நிறத் தரை, கருப்பு கிரானைட் படி, தேக்குக் கதவு, மாடிப்படி அறைக்கு மேல் ஒரு கருப்புத் தொட்டி. இரண்டு சூடான பழுப்பு வகை, இரண்டு கருப்பு. இவற்றுக்கு நடுவில் ரோஜா நிறத்தைக் கொண்டுவந்து வைத்தால் வீடு கல்யாண மண்டபம் மாதிரி தெரியாமல் என்ன செய்யும்?

அடுத்து பக்கத்து வீடு. எங்களுக்கு வடக்கே நாலடிச் சந்து, அதைத் தாண்டி கிளிப்பச்சையில் ஒரு மாடி வீடு. அதன் தென்சுவரில் பட்ட வெயில் திரும்பி எங்கள் வடசுவரில் வெளிர்பச்சையாக விழும். முதல் முறை இதை நான் கவனிக்கவே இல்லை. அந்தப் பக்கம் மட்டும் ரோஸ்மில்க் ஒரு மாதிரி சாம்பல் பூத்து, காய்ச்சல்காரன் முகம்போல இருந்ததற்கு இதுதான் காரணம். வாசலில் பெரிய வேப்பமரமோ புங்கமரமோ இருந்தாலும் இதே கதைதான்.

தெருவின் எதிர்ப்பக்கம் நின்று காலை எட்டு, மத்தியானம் ஒன்று, மாலை ஐந்தரை என்று மூன்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

2. நிறத்துக்குள் ஒளிந்திருக்கும் நிறம்

கலர் அட்டையில் ஒரே பட்டையில் ஏழெட்டு நிறங்கள் மேலிருந்து கீழாக வெளிறலில் தொடங்கி அடர்த்தியில் முடியும். எல்லோரும் மேலே இருக்கும் வெளிறலைத்தான் பார்ப்போம். கண்ணைக் கீழே இறக்கி, அதே பட்டையின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். மேலே உள்ள வெளிர் நிறத்துக்குள் என்ன சாயல் ஓடுகிறது என்பதை அது சொல்லிவிடும். என்னுடைய லைட் பீச் பட்டையின் அடியில் அப்பட்டமான ரோஜா இருந்தது. அன்றைக்கு அட்டையைக் கடைசிவரை விரித்திருந்தாலே போதும்.

இன்னொரு சோதனை: ஒரு ஏ4 வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வையுங்கள். தனியாகப் பார்த்தால் வெள்ளையாகத் தெரியும் 'ஆஃப் ஒயிட்' நிறங்கள் உடனே மஞ்சள், பச்சை, நீலம், ரோஜா என்று தத்தம் வண்டவாளத்தைக் காட்டிவிடும். செங்கல் தரை, தேக்குக் கதவு, ஓட்டுக் கூரை உள்ள வீட்டுக்கு மஞ்சளும் பழுப்பும் ஓடும் வெளிறல்கள் சேரும். கருப்பு கிரானைட், சாம்பல் கல், வெள்ளை ஜன்னல் உள்ள வீட்டுக்குச் சாம்பலும் லேசான நீலமும் ஓடுபவை சேரும். இரண்டையும் ஒரே சுவரில் கலக்காமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

3. எந்தச் சுவரில் எப்போது வெயில்?

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்தால் வடக்குச் சுவர் நிழல், தெற்குச் சுவர் வெயில் என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். நம் ஊருக்கு அது பாதிதான் உண்மை. தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 8 டிகிரியிலிருந்து 13.5 டிகிரி வரை கிடக்கிறது. அதனால் வருஷத்தில் இரண்டு நாள் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, கொடிக்கம்பத்துக்கு நிழலே விழாது. புதுக்கோட்டை, திருச்சிப் பக்கம் அது ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் வரும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரமும் ஆகஸ்ட் நடுவும். அந்த இரண்டு நாளுக்கும் இடையில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அதாவது மே, ஜூன், ஜூலையில் வடசுவர்தான் வெயில் வாங்கும். தென்சுவர் நிழலில் இருக்கும்.

வடகிழக்குப் பருவமழையில் கதை திரும்புகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சூரியன் தெற்கே போய்விடும். காற்றும் சாரலும் வடகிழக்கிலிருந்து வரும். ஆக, வடசுவர் நன்றாக நனையும், காய வெயில் இருக்காது. எங்கள் பக்கத்து வீடுகளில் பாசி முதலில் பிடிப்பது அந்தச் சுவர்தான். அங்கே மிக வெளிறிய நிறம் அடித்தால் அடுத்த தை மாதம் கருப்புக் கோடுகள் தெளிவாகத் தெரியும். பாசி எதிர்ப்பு உள்ள நல்ல எக்ஸ்டீரியர் எமல்ஷனும், கொஞ்சம் பழுப்போ சாம்பலோ கலந்த நிறமும் அங்கே நல்லது.

மேற்குச் சுவர் சித்திரை வைகாசியில் சாயங்கால வெயிலை முழுசாக வாங்கி, ராத்திரி பத்து மணிவரை அறைக்குள் சூட்டைத் தள்ளும். அங்கே அடர்நிறம் வேண்டாம். கிழக்குப் பார்த்த முகப்புக்கு இன்னொரு சங்கதி: காலை வெயிலே மஞ்சளும் சிவப்பும் கலந்தது. பீச், ரோஜா, ஆரஞ்சு சாயல்களை அது தூக்கிக் கொடுக்கும். எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. அம்மா பார்த்த நேரம் காலை எட்டு.

4. மண்ணைக் கேளுங்கள்

புதுக்கோட்டைப் பக்கம் செம்மண். மழைத்துளி தரையில் விழுந்து தெறித்தால் சுவரின் அடியில் ஒன்றரை, இரண்டு அடி உயரத்துக்குச் செம்புள்ளி படியும். கழுவினால் பாதி போகும். மீதி எமல்ஷனுக்குள் ஊறிவிடும். கோவில்பட்டி மாதிரி கரிசல் பூமியில் அது சாம்பலாக இருக்கும். பஸ் ஓடும் ரோட்டோரம் புழுதியும் புகையும் சேர்ந்துகொள்ளும்.

இதற்கு நம் ஊரில் என்றைக்கோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பழைய சுண்ணாம்பு வீடுகளிலும் திண்ணைகளிலும் கீழே ஒரு காவிப்பட்டை ஓடும். அழகுக்கு அழகு, தெறிக்கும் மண்ணும் கண்ணுக்குத் தெரியாது. வருஷா வருஷம் பொங்கலுக்கு மேலே வெள்ளை, கீழே காவி என்று அடித்துக்கொண்டே இருந்தார்கள். இன்றைக்கு அதையே எமல்ஷனில் செய்யலாம். தரையிலிருந்து இரண்டடி உயரம், அல்லது பேஸ்மட்டத்தின் விளிம்பு வரை, உங்கள் ஊர் மண்ணின் நிறத்துக்கு ஒரு படி அடர்த்தியாக ஒரு பட்டை. செம்மண்ணுக்கு காவி, கரிசலுக்கு அடர் சாம்பல். இந்த ஒரு பட்டைக்காகவே இரண்டாவது நிறம் வாங்கலாம் என்பது என் கட்சி.

சன்ஷேடு விளிம்பையும் கைப்பிடிச்சுவரின் தலையையும் பாருங்கள். அங்கிருந்துதான் அழுக்குத் தண்ணீர் சுவரில் கோடு கோடாக இறங்குகிறது. சன்ஷேடுக்குக் கீழே தண்ணீர் சொட்டி விழ ஒரு பள்ளக்கோடு இல்லையென்றால் எந்த நிறம் அடித்தாலும் கருப்புக் கண்ணீர்தான். பெயின்டரை விடுவதற்கு முன் கொத்தனாரைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்யுங்கள்.

டெக்ஸ்சர் பூச்சு முகப்பில் ஒரு சின்னப் பகுதிக்குச் சரி. வீடு முழுக்க அடித்தால் ஒவ்வொரு குழியிலும் புழுதி உட்காரும். நான் வேண்டாம் என்பேன்.

5. ஐந்தாவது வருஷமும் அதே நிறமாக இருக்க

நிறத்தைக் கொடுப்பது பெயின்டில் கலக்கும் நிறமித் தூள். அதில் மண்ணிலிருந்தும் உலோகங்களிலிருந்தும் வரும் வகை ஒன்று: காவிச் சிவப்பு, மண்மஞ்சள், பழுப்பு, கருப்பு ஆகியவற்றைத் தரும் இரும்பு ஆக்சைடுகள், வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. இவை வெயிலுக்கு அசைவதில்லை. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர்களும், நம் கோயில் மதில்களின் காவிப் பட்டைகளும் இந்த மண் நிறக் குடும்பம்தான். கரிம வேதிப்பொருளிலிருந்து வரும் வகை இன்னொன்று. மெஜந்தா, ஊதா, பளீர் சிவப்பு, எலுமிச்சை மஞ்சள் போன்றவை பெரும்பாலும் இதில் சேரும். கண்ணைப் பறிக்கும், ஆனால் புறஊதாக் கதிர் பட்டுப் பட்டு உடைந்து, மற்றவற்றைவிடச் சீக்கிரம் வெளுக்கும். நீலம், பச்சையில் நன்றாகத் தாங்கும் கரிம நிறமிகளும் உண்டு என்பதால் எல்லாவற்றையும் ஒரே தராசில் போட முடியாது.

தெருவில் ஒரு சுற்று நடந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நாலு வருஷத்துக்கு முன் ஊதா அடித்த வீட்டில் சன்ஷேடின் நிழலில் இருக்கும் இடம் இன்னும் ஊதாவாகவும், வெயில் படும் இடம் துவைத்து வெளுத்த கத்தரிப்பூ நிறத் துணி மாதிரியும் இருக்கும். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வீட்டுக்கு வரப்போகிறது. பிடித்த நிறத்தில் ஏற்கெனவே அடித்த வீட்டைத் தேடிப்போய், அவர்களிடம் எத்தனை வருஷமாயிற்று என்று கேளுங்கள். காசில்லாத ஆராய்ச்சி. யாரும் கோபித்துக்கொள்வதில்லை, பெரும்பாலும் காபியும் கிடைக்கும்.

அடர் நிறங்களில் இன்னும் இரண்டு சிக்கல். கலர் மெஷினில் கலக்கும்போது அடர் நிறத்துக்கு வெள்ளை குறைவாக உள்ள வேறு 'பேஸ்' (நிறம் கலக்குமுன் இருக்கும் அடிப்படைப் பெயின்ட்) எடுப்பார்கள். அதில் சேர்க்கும் நிறத் திரவமான டிண்டரும் அதிகம் போகும். அதனால் விலை ஏறும், சிவப்பு மஞ்சள் என்றால் மூடுவதற்குக் கூடுதல் கோட்டும் கேட்கும். இரண்டாவது, சுவரில் உப்பு பூத்தால் வெள்ளைத் திட்டு அடர் நிறத்தில்தான் பளிச்சென்று தெரியும்.

6. வெளிச்சம் எவ்வளவு திரும்பும்?

பெரிய கம்பெனிகள் ஒவ்வொரு நிறத்துக்கும் எல்ஆர்வி என்று ஒரு எண் வைத்திருக்கின்றன. சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதற்கு 0 முதல் 100 வரை ஓர் அளவு. வெள்ளை 80-க்கு மேல், பாலாடை நிறங்கள் 70-ஐ ஒட்டி, காவி 20-ஐ ஒட்டி, கருப்பு 5-ஐ ஒட்டி வரும். கலர் அட்டையின் பின்பக்கத்திலோ கம்பெனி இணையதளத்திலோ தேடினால் கிடைக்கும்.

என் கணக்கு இது: பிரதான சுவருக்கு 55-லிருந்து 75-க்குள். அதற்குக் கீழே போனால் சுவர் சூட்டை உறிஞ்சும். 80-க்கு மேல் போனால் வெயிலில் கண் கூசும், குறுகலான தெருவில் எதிர்வீட்டுக்காரர் உங்களைத் திட்டுவார், ஒவ்வொரு அழுக்குக் கோடும் தெரியும். சென்னை ரிப்பன் மாளிகை 1913-லிருந்து வெள்ளையில் ஜொலிக்கிறது என்றால், அதைப் பராமரிக்க ஒரு மாநகராட்சியே இருக்கிறது. நமக்கு இருப்பது ஒரு பெயின்டர் அண்ணன். அவரும் தைமாதம் போனை எடுக்க மாட்டார்.

பளபளப்பையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். மினுமினுப்பு கூடினால் புழுதி எளிதில் கழுவிப்போகும். ஆனால் பூச்சு வேலையில் மேடு பள்ளம் இருந்தால் சாய்வான காலை வெயில் அத்தனையையும் வெளிச்சம் போட்டுக் காட்டும். பழைய சுவருக்கு மினுமினுப்பு இல்லாததே மேல்.

7. எத்தனை நிறம்?

மூன்று போதும். பெரும்பகுதிக்கு ஒன்று, பட்டைக்கும் தூணுக்கும் ஒன்று, கிரில் கேட்டுக்கு ஒன்று. சன்ஷேடு, கைப்பிடிச்சுவர் விளிம்பு, ஜன்னல் சுற்று ஆகியவற்றுக்கு வெள்ளை வேண்டுமென்றால் அது நாலாவது. கணக்கில் சேர்க்காமல் விடலாம். எலிவேஷனில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம் அடித்தால் வீடு சின்னதாகத் தெரியும்.

நிறம் மாறும் இடம் மூலையிலோ, சுவர் உள்வாங்கும் இடத்திலோ இருக்கட்டும். தட்டையான சுவரின் நடுவில் மாற்றினால் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும். குழாய்களுக்குத் தனி நிறம் அடித்து அலங்கரிக்காதீர்கள். சுவர் நிறத்திலேயே அடித்து மறைத்துவிடுங்கள்.

கேட்டுக்குக் கருப்பு எனாமல் கம்பீரம்தான். மேற்குப் பார்த்த வீடென்றால் மத்தியானம் மூன்று மணிக்குத் தாழ்ப்பாளைத் தொட முடியாது. எங்களுடையது அடர் பழுப்பு. கிரில், கேட் எதுவானாலும் துருவைச் சுரண்டி, மெட்டல் பிரைமர் அடித்த பிறகே எனாமல். பழைய எனாமலைச் சுரண்டும்போது முகக்கவசம் கட்டாயம். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு இருக்கும் என்று யார் கண்டது?

8. சுவரில் பூசிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். கடைசியாகத் தேறிய மூன்று நிறங்களை இருப்பதிலேயே சின்ன டப்பாவில் கலந்து வாங்குங்கள். சில கடைகளில் 200 மில்லி கிடைக்கும், இல்லாவிட்டால் 1 லிட்டர். எனக்கு மூன்றுக்கும் சேர்த்து ஆன செலவு பெயின்டரின் இரண்டு நாள் கூலியைத் தொடவில்லை.

பழைய நிறத்தின் மேல் நேராகப் பூசாதீர்கள். ரோஸ்மில்க்குக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் பச்சையாகத்தான் தெரியும். மூன்றடிக்கு மூன்றடி பிரைமர் அடித்து, அது காய்ந்ததும் நடுவில் நிறத்தை இரண்டு கோட் பூசி, சுற்றிலும் வெள்ளை ஓரம் தெரியும்படி விடுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் கிழக்கில் ஒன்று, நிழல் படும் பக்கம் ஒன்று, தரை டைல்ஸ் ஓரமாக ஒன்று. சுவரில் பூச மனமில்லையா, இரண்டடிக்கு மூன்றடி ஹார்டுபோர்டில் பூசி ஒவ்வொரு சுவராகச் சாய்த்து வைத்துப் பார்க்கலாம்.

ஒரு வாரம் அப்படியே விடுங்கள். காலை எட்டு, மத்தியானம் ஒன்று, மாலை ஐந்தரை, ராத்திரி தெருவிளக்கு. பக்கத்தில் நின்று பார்ப்பது வீண். முப்பதடி தள்ளி நின்று பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, ஈரத்தில் எப்படி இருக்கிறது, காய்ந்ததும் எப்படி இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். பெரிய பரப்பில், வெயிலில், எந்த நிறமும் அட்டையில் இருப்பதைவிட வெளிறலாகவும் பளீரென்றும் தெரியும். அதனால் அட்டையில் கொஞ்சம் மங்கலாக, கொஞ்சம் அழுக்காகத் தெரியும் நிறமே சுவரில் சரியாக வரும். எங்கள் மூன்றில் ஜெயித்தது அட்டையில் நான் பார்க்கவே விரும்பாத ஒரு மங்கல் சந்தனம். அட்டையில் முதலில் பார்த்தபோது சாணி மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருந்தேன்.

கம்பெனி ஆப்பில் வீட்டுப் படத்தை ஏற்றி நிறம் போட்டுப் பார்க்கலாம். எங்கே எந்த நிறம் என்று பிரிக்க அது உதவும். நிறத்தை முடிவு செய்ய போன் திரையை நம்பக் கூடாது.

9. வீட்டுக்குள் ஒப்புதல்

வாஸ்து பார்க்கும் குடும்பமென்றால் முதல் நாளே கேட்டுவிடுங்கள். மூன்று மாதிரியும் சுவரில் பூசிய பிறகு பெரியப்பா வந்து "இந்தத் திசைக்கு இது ஆகாது" என்றால் எல்லாம் பாழ். எப்படியும் அவர்கள் சொல்வது மஞ்சள், வெள்ளை, பச்சை என்று பொதுவாகத்தான் இருக்கும். அந்த மஞ்சளுக்குள் நமக்குத் தோதான மண்மஞ்சளைத் தேடிக்கொள்ளலாம். வாக்கெடுப்புக்கு அட்டையை நீட்டாதீர்கள். சுவரில் இருக்கும் மூன்றை மட்டும் காட்டி, ஒன்று சொல்லச் சொல்லுங்கள்.

10. எப்போது, எவ்வளவு

பொங்கலுக்கு முன் அடிப்பது வழக்கம். ஆனால் மார்கழியில் சுவர் மழை ஈரத்தில் இருக்கும், பனியும் இறங்கும், பெயின்டர் கிடைக்கவும் மாட்டார். தை பிற்பாதியிலிருந்து பங்குனிவரை நல்ல நேரம். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, இரண்டடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். புதுப் பூச்சென்றால் குறைந்தது 28 நாள். சிமெண்டின் காரம் அடங்காமல் அடித்தால் நிறம் திட்டுத் திட்டாக வெளுக்கும், உப்பும் தள்ளும்.

அளவுக்கு ஓர் உதாரணம். 30-க்கு 40 அடி வீடு, சுற்றளவு 140 அடி. கைப்பிடிச்சுவரோடு உயரம் பதிமூன்றரை அடி. பெருக்கினால் 1,890 சதுர அடி. கதவு ஜன்னலுக்குப் பத்து சதவீதம் கழித்தால் சுமார் 1,700. அதில் அடிப்பட்டை 140 பெருக்கல் 2, அதாவது 280 சதுர அடி. மீதி 1,420. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 சதுர அடி என்று வைத்தால் பிரதான நிறம் 28 லிட்டரைத் தாண்டும்: 20 ஒன்று, 10 ஒன்று. பட்டைக்கு 6 லிட்டர். சன்ஷேடு, காம்பவுண்ட் சுவர், கைப்பிடிச்சுவரின் உட்பக்கம் இதில் வராது. சொரசொரப்பான சுவர் இன்னும் குடிக்கும்.

ஒரே நிறத்தை ஒரே நாளில், ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள். பத்து நாள் கழித்துக் கலந்த வாளி நூலிழை வேறுபட்டாலும் சாய்வெயிலில் தெரியும். வேறு பேட்ச் கலந்துவிட்டால், இரண்டு வாளியையும் பெரிய டிரம்மில் ஊற்றி ஒன்றாகக் கலக்கிவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஒரு சுவரை ஆரம்பித்தால் மூலைவரை முடித்துவிட்டுத்தான் சாப்பாட்டுக்கு இறங்க வேண்டும். கொளுத்தும் வெயிலில் பூசினால் ரோலர் கோடு விழும். காலையில் மேற்குச் சுவர், மத்தியானத்துக்கு மேல் கிழக்குச் சுவர் என்று நிழலைத் துரத்திக்கொண்டு அடிக்கும் பெயின்டர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

வெளியே உள் சுவருக்கான அக்ரிலிக் பட்டி வேண்டாம். மழையில் ஊறி உரியும். தேவைப்படும் இடத்துக்கு ஒயிட் சிமெண்ட் பட்டி, அதன்மேல் எக்ஸ்டீரியர் பிரைமர், பிறகு இரண்டு கோட்.

11. எழுதி வையுங்கள்

வாளி மூடியில் கலர் மெஷின் ஒட்டிய சீட்டு இருக்கும். நிறத்தின் எண், எந்த பேஸ், எவ்வளவு டிண்டர் என்று எல்லாம் அதில்தான். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சமான பெயின்டில் ஒரு லிட்டரைச் சின்ன டப்பாவில் இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். நான் மூன்று நிறத்தின் எண்களையும் அடித்த தேதியையும் மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதி வைத்தேன். போன வருஷம் குழாய் மாற்ற வந்தவர் முன்சுவரில் ஒரு முழ நீளத்துக்கு உடைத்துவிட்டுப் போனார். கொத்தனார் பூசி, அது காய்ந்ததும், மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்த டப்பாவைத் திறந்து நானே அடித்தேன். அம்மாவைக் கூப்பிட்டு எந்த இடம் என்று கேட்டேன். இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டு, ஓர் அடி தள்ளிக் கையை வைத்தார்.